தரைத்தளம் யாருக்கு?

டொரண்டோ நகரின் நடுப்பகுதியில், கார்ல்டன் தெருவும் சர்ச் தெருவும் சந்திக்கும் மூலையில் ஒரு லோப்லாஸ் மளிகைக் கடை இருக்கிறது. அதன் 25ஆம் வரிசையில் தரையைக் குனிந்து பார்த்தால் சிவப்பாக ஒரு புள்ளி தெரியும். மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் என்ற ஐஸ் ஹாக்கி அரங்கின் மையப்புள்ளி இருந்த இடம் அது. 1931இல் திறந்த அந்த அரங்கில்தான் நகரத்தின் செல்ல அணியான மேப்பிள் லீஃப்ஸ் 1999 பிப்ரவரி வரை ஆடியது. முகமது அலி அங்கே குத்துச்சண்டை போட்டிருக்கிறார், பீட்டில்ஸ் பாடியிருக்கிறார்கள். அணி வேறு அரங்குக்கு மாறிய பிறகு கட்டடத்துக்குப் பெரிய வேலை இல்லை. 2004இல் லோப்லா நிறுவனம் அதை வாங்கியது. 2011 நவம்பர் 30 அன்று கீழ்ப்பகுதி மளிகைக் கடையாகத் திறந்தது. மேல்பகுதி ஒரு பல்கலைக்கழகத்தின் விளையாட்டுக்கூடமாகி, அங்கே ஒரு பனித்தளமும் தப்பிப் பிழைத்தது.

ரசிகர்களுக்கு வருத்தம்தான். ஆனால் நிறுவனத்தின் கணக்கு எளிமையானது. சுற்றிலும் கொண்டோ எனப்படும் அடுக்குமாடிக் கோபுரங்கள் எழுந்துகொண்டிருந்தன. அவற்றில் குடியேறுகிறவர்களில் பலரிடம் கார் இல்லை. கார் இருந்தாலும், புறநகர் அங்காடிக்குப் போய் மாதச் சாமானை மொத்தமாக வாங்கிவந்து அடுக்க ஐந்நூறு அறுநூறு சதுர அடி வீட்டில் இடம் கிடையாது. நடந்து வந்து இரண்டு பை நிறைய வாங்கிப் போவார்கள். ஆனால் வாரத்தில் மூன்று நாள் வருவார்கள். 2016க்கும் 2021க்கும் இடையே டொரண்டோ டவுன்டவுனின் மக்கள்தொகை ஏறத்தாழ 16 விழுக்காடு கூடியது. அதே ஐந்தாண்டில் நகரம் முழுவதற்குமான வளர்ச்சி 2.3 விழுக்காடுதான்.

கூரை எழும்பினால் கடை தானாக வரும் என்று சில்லறை வணிகத்தில் ஒரு பழைய நம்பிக்கை உண்டு. டொரண்டோவின் கால் நூற்றாண்டு அனுபவம் அதைப் பாதிதான் மெய்ப்பிக்கிறது. கடை வருகிறது, மெய்தான். ஆனால் எந்தக் கடை வரும், எது வரவே முடியாது என்பதை அங்கே குடியேறப் போகிறவர்களின் தேவை முடிவுசெய்வதில்லை. முதல் குடும்பத்தின் கையில் சாவி கிடைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே, கட்டட வரைபடத்திலும் வங்கிக் கடன் பத்திரத்திலும் அது முடிந்துவிடுகிறது.

இந்தக் கோபுரங்கள் எப்படி வந்தன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அடுக்குமாடியில் ஒரு வீட்டைத் தனித்து உடைமையாக்கிக்கொண்டு, பொதுப்பகுதிகளுக்குக் கூட்டாகப் பொறுப்பேற்கும் முறைக்கு ஒண்டாரியோ மாகாணம் 1967இல் சட்டம் இயற்றியது. 1996இல் மேயர் பார்பரா ஹால் காலத்தில், தையல் ஆலைகளும் கிடங்குகளும் காலியாகிக் கிடந்த கிங்-ஸ்பதைனா, கிங்-பார்லிமென்ட் ஆகிய இரு பகுதிகளில் இன்ன தொழில்தான் நடக்கலாம் என்ற பழைய கட்டுப்பாட்டை நகராட்சி தளர்த்தியது. நகரியல் சிந்தனையாளர் ஜேன் ஜேக்கப்ஸ் அதற்கு ஆலோசனை சொன்னவர்களில் ஒருவர். மறு ஆண்டு, ஸ்பதைனா அவென்யூவின் இருபுறமும் கிடந்த பழைய ரயில்வே நிலம் கான்கார்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தது. இன்று சிட்டிபிளேஸ் என்று அழைக்கப்படும் கோபுரக் கூட்டம் அந்த நிலத்தில் எழுந்ததுதான்.

சிட்டிபிளேஸில் வீடுகள் முந்தின, மற்ற எல்லாம் பிந்தின. பூங்கா, ரயில் பாதைக்கு மேலான மஞ்சள் நடைபாலம், 2014இல் நூலகம், அதற்கும் பிறகு பள்ளிகளும் சமுதாயக் கூடமும் என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன. கடைகளும் அப்படித்தான். நகரத்தின் பழைய வீதிகளோடு ஒப்பிட்டால் இங்கே தரைத்தளத்தின் நீண்ட கண்ணாடிச் சுவர்கள் வெகுநாள் எதையும் விற்கவில்லை. ஆயிரக்கணக்கானோர் தலைக்கு மேல் வசிக்கும்போது கீழே கடை ஏன் காலியாகக் கிடக்க வேண்டும்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் கட்டுமானத் தொழிலின் உள்ளறைக்குப் போய்ச் சேருவோம்.

கொண்டோ கட்டுபவரின் தொழில் வீடு விற்பது. குழி தோண்டும் முன்பே ஏறத்தாழ 70 விழுக்காடு வீடுகள் விற்றாக வேண்டும், அப்போதுதான் வங்கி கட்டுமானக் கடன் தரும் என்பது டொரண்டோவில் பொதுவான நடைமுறை. ஆகவே முழு மூளையும் விற்பனைக் கூடத்தில் இருக்கிறது. எத்தனை ஓரறை வீடு, சமையல் மேடைக்கு என்ன கல், மாடியில் நீச்சல் குளமா உடற்பயிற்சிக் கூடமா என்பவையே அங்கே பேசப்படும். தரைத்தளக் கடைகள் அந்தக் கணக்கில் மிச்சம் மீதி. தெருவோரம் கடை வேண்டும் என்று நகராட்சி கேட்கிறது, அதனால் வரைகிறார்கள். வீடுகளின் நுழைவுக்கூடம், கார் நிறுத்தத்துக்குச் சரிவு, குப்பை அறை, மின்மாற்றி அறை, தீயணைப்புக் குழாய் அறை எல்லாம் போக எஞ்சியதுதான் கடை. கோணல்மாணலாக, நடுவில் பெரிய தூண்களோடு, பின்புறம் சாமான் இறக்க வாசல் இல்லாமல் அது அமைந்தால் யாரும் பெரிதாகக் கவலைப்படுவதில்லை. உயரக் கட்டடங்களுக்கான நகராட்சியின் வழிகாட்டுதல் தரைத்தளம் குறைந்தது 4.5 மீட்டர் உயரம் இருக்க வேண்டும் என்கிறது. நல்ல விதிதான். உயரம் மட்டும் ஒரு கடையை நடத்திவிடாது.

இதில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது புகைபோக்கி. எண்ணெய் காய்ச்சிப் பொரிக்கும், தாளிக்கும், தந்தூரி போடும் எந்தச் சமையலறைக்கும் புகையை வெளியே கொண்டுபோக ஒரு குழாய் வேண்டும். இரண்டு மாடிப் பழைய கட்டடத்தில் பின்சுவரோடு ஏற்றிக் கூரைக்கு மேல் விட்டுவிடலாம். நாற்பது மாடிக் கோபுரத்தில் அந்தக் குழாய் நாற்பது மாடியையும் துளைத்துப் போக வேண்டும், அல்லது கோபுரத்தின் அடிமேடைக் கூரை வரையாவது போக வேண்டும். அந்தக் கூரையில்தான் குடியிருப்போரின் தோட்டமும் நீச்சல் குளமும் இருக்கும். வரைபடத்திலேயே இடம் விடாவிட்டால் பிறகு துளைக்க வழியில்லை. புகையைச் சுத்திகரித்துப் பக்கவாட்டில் வெளியேற்றும் கருவிகள் உண்டு. அவற்றின் விலையும் பராமரிப்பும் சிறு கடைக்காரருக்குத் தாங்காது. போதாக்குறைக்கு, கொண்டோ சங்கத்தின் சாசனத்திலேயே உணவகம் கூடாது என்று எழுதிவைப்பதும் நடக்கிறது. விளைவு, ஒரு பகுதியில் எந்த நாட்டுச் சமையல் கிடைக்கும் என்பதைப் புகைக்குழாயே முடிவுசெய்கிறது. புதிய கோபுரங்களின் அடியில் சாண்ட்விச், சாலட், பபிள் டீ, சூடாக்கி மட்டும் தரும் காபிக் கடைகள் மொய்ப்பதற்கும், தோசைக்கல்லோ கொத்துரொட்டித் தட்டோ அங்கே தென்படாததற்கும் ருசி மட்டும் காரணமல்ல.

அடுத்தது வாடகை. வீட்டு வாடகைக்கு ஒண்டாரியோவில் ஓரளவு கட்டுப்பாடு உண்டு. 2018 நவம்பர் 15க்குப் பிறகு முதன்முதலாக ஆள் குடியேறிய வீடுகளுக்கு அதுவும் கிடையாது. கடை வாடகைக்கோ உச்சவரம்பே கிடையாது. குத்தகை முடிந்தால் உரிமையாளர் கேட்பதே விலை. அடிப்படை வாடகைக்கு மேல் சொத்து வரி, பராமரிப்பு, காப்பீடு மூன்றையும் கடைக்காரரே சுமக்க வேண்டும். இதற்கு அங்கே டிஎம்ஐ என்று பெயர். வாடகை கொடுக்கத் தவறிப் பதினைந்து நாள் கடந்தால், பதினாறாவது நாள் உரிமையாளர் பூட்டை மாற்றிவிடச் சட்டம் இடம் தருகிறது.

இந்த நிலையில் உரிமையாளர் யாரைத் தேடுவார் என்பது வெளிப்படை. பத்தாண்டுக் குத்தகைக்குக் கையெழுத்திடக்கூடிய, கடன் கொடுத்த வங்கி கண்ணை மூடிக்கொண்டு நம்பும் பெயரைத் தேடுவார். வங்கிக் கிளை, மருந்துக் கடைத் தொடர், காபி நிறுவனம், பல் மருத்துவமனை. அப்படிப்பட்டவர் வரும்வரை இடத்தைக் காலியாகப் போட்டுவைப்பது உரிமையாளருக்கு நட்டமில்லை. குறைந்த வாடகைக்கு ஒருவரை உட்காரவைத்தால் சொத்தின் மதிப்பே தாளில் இறங்கிவிடும். ஏனென்றால் வணிகச் சொத்தின் விலை அது ஈட்டும் வாடகையைக் கொண்டுதான் கணிக்கப்படுகிறது. காலியான கடை என்றால், நிறையப்போகும் கடை என்று கற்பனையாவது செய்துகொள்ளலாம். ஒவ்வொரு கடையையும் ஒவ்வொரு முதலீட்டாளருக்குத் தனித்தனியாக விற்றுவிட்ட கட்டடங்களில் நிலைமை இன்னும் மோசம். தெரு முழுவதற்கும் எது பொருந்தும் என்று யோசிக்க அங்கே ஆளே இல்லை.

கடைக்கு வாடிக்கையாளர் நிலைத்திருப்பார்களா என்ற கேள்வியும் உண்டு. ஒண்டாரியோவின் கொண்டோ வீடுகளில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு முதலீட்டுக்காக வைத்திருப்பவை என்று கனடியப் புள்ளிவிவரத் துறை கணக்கிட்டிருக்கிறது. அவற்றில் வசிப்போர் வாடகைதாரர்கள். ஓராண்டு, ஈராண்டில் இடம் மாறுகிறவர்கள். முகம் பழகி, கணக்கு வைத்து, பண்டிகைக்கு என்ன வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டு நடத்தும் கடைக்கு அந்த மண் ஒத்துவருவதில்லை. கிளைகள் பல கொண்ட நிறுவனத்துக்கு ஒருவர் போனால் இன்னொருவர்.

மளிகைக்கு வருவோம். கொண்டோ வட்டாரத்தில் ஒரு புதிய கடை திறந்தால் மக்கள் மெய்யாகவே மகிழ்வது மளிகைக் கடைக்குத்தான். நிறுவனங்களும் இதற்காகத் தங்கள் உருவத்தை மாற்றிக்கொண்டன. புறநகரில் ஒரே தளத்தில் பரந்து, முன்னால் நூற்றுக்கணக்கான கார் நிறுத்தம் கொண்ட கடை, டவுன்டவுனில் சுருங்கியது. கோபுரத்தின் வயிற்றுக்குள் நுழைந்தது. சமைத்த உணவின் பகுதி வளர்ந்தது, பத்துக்கிலோ அரிசி மூட்டை குறைந்தது. வான்கூவரில் இன்னும் ஒரு படி மேல். 2006இல் அங்கே நான்கு கொண்டோ கோபுரங்களுக்கு அடியிலேயே ஒரு காஸ்ட்கோ திறந்தது. அந்தச் சிறிய வீடுகளில் மொத்தச் சாமானை எங்கே வைக்கிறார்களோ!

டொரண்டோவில் இந்தக் கதைக்குப் பொருத்தமான இன்னொரு கட்டடம் லேக் ஷோர், பேதர்ஸ்ட் சந்திப்பில் இருக்கிறது. தியடோர் லோப்லாவும் மில்டன் கார்க்கும் 1919இல் ஆரம்பித்த மளிகைத் தொழிலின் புதுமை, வாடிக்கையாளர் தாமே அலமாரியிலிருந்து சாமானை எடுத்துக்கொள்வது. அதுவரை கடைப் பையன் எடுத்துத் தருவதுதான் வழக்கம். 1920களின் இறுதியில் நிறுவனம் தன் தலைமையகமாகவும் கிடங்காகவும் கட்டிய மாளிகைதான் இது. பிற்காலத்தில் உணவு வங்கி ஒன்றும் இங்கே இயங்கியது. பிறகு பல ஆண்டுகள் சும்மா கிடந்தது. பழைய செங்கல் முகப்பைக் காப்பாற்றிக்கொண்டு, 2019இல் அங்கே மீண்டும் ஒரு லோப்லாஸ் திறந்தது. எதிரே சிட்டிபிளேஸ் கோபுரங்கள். தொண்ணூறு ஆண்டுக்குப் பிறகு கிடங்கைத் தேடி வாடிக்கையாளர் வந்து சேர்ந்தார்கள்.

இப்போது சிட்டிபிளேஸைச் சுற்றி நகர வரைபடத்தைச் சற்று விரித்துப் பார்க்கலாம். ஸ்பதைனாவில் சோபீஸ் அர்பன் ஃப்ரெஷ். ஃபிரன்ட், பேதர்ஸ்ட் சந்திப்பில் ஃபார்ம் பாய். கிழக்கே, ஹாக்கி அணியின் புதிய அரங்கை ஒட்டிய மேப்பிள் லீஃப் ஸ்கொயரில் 2010இலிருந்து லாங்கோஸ். மேற்கே லேக் ஷோரிலும், வடக்கே குவீன்-போர்ட்லண்டிலும் லோப்லாஸ். எங்கு திரும்பினாலும் ஷாப்பர்ஸ் மருந்துக் கடை, அங்கேயும் பாலும் முட்டையும் கிடைக்கும். குடியிருப்பவருக்குத் தேர்வுக்குப் பஞ்சமே இல்லை என்று தோன்றும். ஆனால் சோபீஸின் தாய் நிறுவனமான எம்பயர் 2018இல் ஃபார்ம் பாயை வாங்கியது, 2021இல் லாங்கோஸின் பெரும்பங்கையும் வாங்கியது. ஷாப்பர்ஸை 2014இலேயே லோப்லா வாங்கிவிட்டது. ஆக, இத்தனை பலகைகளுக்குப் பின்னால் இரண்டே முதலாளிகள். லோப்லாவின் தாய் நிறுவனத்துக்குத் தன் கடைகள் பலவற்றின் நிலவுடைமையாளராக இயங்கும் சாய்ஸ் என்ற சொத்து அறக்கட்டளையும் உண்டு. கடையும் அதுவே, கடைக்கு இடம் தருவதும் அதுவே.

கனடாவின் போட்டி ஆணையம் 2023 ஜூனில் மளிகைத் துறை பற்றி வெளியிட்ட அறிக்கை இதைக் கூர்ந்து பார்த்தது. லோப்லா, சோபீஸ், மெட்ரோ மூன்றும் முந்தைய ஆண்டில் சேர்ந்து 100 பில்லியன் டாலருக்கு மேல் விற்று, 3.6 பில்லியன் டாலருக்கு மேல் இலாபம் ஈட்டியிருந்தன. பல வாசகர்களின் கவனத்துக்கு வராத ஒரு செய்தியையும் அறிக்கை தொட்டது. பெரிய மளிகை நிறுவனம் ஒரு வளாகத்துக்குக் குத்தகைக்கு வரும்போது, அதே வளாகத்தில் இன்னொரு மளிகைக் கடைக்கு இடம் தரக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்கிறது. தன் நிலத்தை விற்றுவிட்டுப் போகும்போதுகூட, இங்கே இனி உணவுப்பொருள் விற்கக் கூடாது என்று பத்திரத்தில் நிபந்தனை போட்டுவிட்டுப் போகிறது. மீன்காரர், காய்கறிக்காரர், ரொட்டி சுடுபவர் எல்லாரையும் இந்தச் சொற்கள் தடுக்கக்கூடும். இத்தகைய நிபந்தனைகளைக் கட்டுப்படுத்த வேண்டும் என்று ஆணையம் பரிந்துரைத்தது. 2024இல் லோப்லா, சோபீஸ் ஆகியவற்றின் தாய் நிறுவனங்கள்மீது விசாரணை தொடங்கியது. நில உரிமையாளருக்கும் குத்தகைதாரருக்கும் இடையிலான இப்படிப்பட்ட ஒப்பந்தங்களையும் ஆணையத்தின் வரம்புக்குள் கொண்டுவந்த சட்டத்திருத்தம் 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்தது. ஏற்கெனவே கையெழுத்தான பத்திரங்கள் எத்தனை வட்டாரங்களைக் கட்டிப்போட்டிருக்கின்றன என்பது குடியிருப்போர் யாருக்கும் தெரியாது. அவை தனியார் ஒப்பந்தங்கள்.

ஜேன் ஜேக்கப்ஸ் இதன் அடிப்படையை 1961இலேயே எழுதிவிட்டார். புதிய கட்டடத்தின் வாடகையைத் தாங்க முடிகிறவர்கள் வங்கிகளும் பெருநிறுவனங்களின் கிளைகளும்தான், புதிதாக முயல்கிறவர்களுக்கும் சிறு தொழில்களுக்கும் பழைய, கடன் அடைந்த கட்டடங்கள் வேண்டும், ஆகவே ஒரு வட்டாரத்தில் இரண்டும் கலந்திருக்க வேண்டும் என்பது அமெரிக்க நகரங்களைப் பற்றிய அவருடைய புத்தகத்தின் வாதங்களுள் ஒன்று. 1968இல் டொரண்டோவுக்குக் குடிபெயர்ந்து 2006இல் இறக்கும்வரை அவர் இங்கேதான் வாழ்ந்தார். அவர் ஆதரித்த 1996ஆம் ஆண்டுத் தளர்வு, அவர் பரிந்துரைத்த பழைய கட்டடங்களையே பிறகு கோபுரங்களுக்கு இரையாக்கியது ஒரு கசப்பான திருப்பம். அந்தத் தளர்வைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. காலியான ஆலைகள் அப்படியே இடிந்து விழுந்திருக்கும். ஆனால் நிலத்தின் விலை ஏறும்போது சிறியவரைக் காப்பதற்கு எந்த ஏற்பாடும் அதில் இல்லை.

அந்த விலை சிறு கடையைத் தாக்கும் வழிகளுள் ஒன்று சொத்து வரி. ஒண்டாரியோவில் சொத்தின் மதிப்பைக் கணிக்கும்போது, இன்று அங்கே இருப்பதை மட்டும் பார்ப்பதில்லை. அந்த நிலத்தில் அதிகபட்சம் என்ன செய்தால் என்ன விலை போகும் என்றும் பார்க்கிறார்கள். பக்கத்து மனை கோபுரத்துக்கு விற்றுவிட்டால், இரண்டு மாடிச் செருப்புக் கடையின் வரியும் கோபுரத்தின் நிழலில் ஏறுகிறது. 2017 வாக்கில் யங் தெருவின் சிறு கடைகள் இந்த அடியில் நிலைகுலைந்தன. வரி ஏற்றத்தைக் கடை உரிமையாளர் அல்ல, வாடகைக்கு இருப்பவர் டிஎம்ஐ வழியாகச் செலுத்துகிறார் என்பதை மறக்கக் கூடாது. பல ஆண்டு மன்றாட்டுக்குப் பிறகு, 2022இல் தகுதியுள்ள சிறு வணிகச் சொத்துகளுக்கு நகராட்சி 15 விழுக்காடு வரிக்குறைப்புத் தரத் தொடங்கியது. உதவிதான். ஆனால் இழுத்து மூடிய கடைகள் திரும்பி வரவில்லை.

இதையெல்லாம் மீறி மக்கள் வென்ற சண்டையும் ஒன்று உண்டு. கென்சிங்டன் மார்க்கெட் என்பது சைனாடவுனை ஒட்டிய, குறுகலான சந்துகளில் பாலாடைக்கட்டி, மீன், பழைய துணி, மசாலா விற்கும் வட்டாரம். ஒரு நூற்றாண்டாகப் புதிதாக வந்திறங்கிய குடியேறிகள் முதல் கடை போட்ட இடம். 2006இல் தேசிய வரலாற்றுத் தலமாக அறிவிக்கப்பட்டது. 2013இல் அருகிலுள்ள பேதர்ஸ்ட் தெருவில் ரியோகான் என்ற நிறுவனம் கட்டவிருந்த வணிகக் கட்டடத்துக்கு வால்மார்ட் வருகிறது என்ற செய்தி பரவியதும் வட்டாரம் கொதித்தது. பல்லாயிரம் பேர் கையெழுத்திட்டார்கள். நகர மன்றம் அந்தத் தெருவில் புதிய பெருங்கடைகளுக்கு ஓராண்டுத் தற்காலிகத் தடை போட்டது. வால்மார்ட் வரவில்லை. இந்த வெற்றியின் பாடத்தைச் சிலர் தவறாகப் படிக்கிறார்கள். அது வால்மார்ட் என்ற பெயர் மேலிருந்த வெறுப்பால் மட்டும் கிடைத்த வெற்றி அல்ல. கட்டடம் தாளில் இருந்தபோதே மக்கள் கேட்டார்கள், அதனால் நகராட்சியின் கையில் ஒரு பிடி இருந்தது. கட்டி முடித்த பிறகு யாருக்கு வாடகைக்கு விட வேண்டும் என்று சொல்ல நகராட்சிக்கு அதிகாரம் இல்லை.

ரீஜன்ட் பார்க் வேறு விதமான சான்று. 1940களின் இறுதியில் கனடாவின் முதல் பெரிய அரசுக் குடியிருப்பாக எழுந்த அந்த 69 ஏக்கரில், உள்ளே ஊடுருவும் தெருக்களையும் கடைகளையும் திட்டமிட்டே தவிர்த்திருந்தார்கள். சுத்தமான, பசுமையான வாழ்க்கைக்கு அவை இடைஞ்சல் என்று அன்றைய நிபுணர்கள் நம்பினார்கள். விளைவு, இரண்டு தலைமுறை ஏழைக் குடும்பங்கள் உப்புக்கும் வெளியே போக வேண்டியிருந்தது. 2005 வாக்கில் தொடங்கிய மறுகட்டுமானத்தில் நகராட்சியின் வீட்டு நிறுவனமும் டேனியல்ஸ் என்ற தனியார் நிறுவனமும் கூட்டுச் சேர்ந்தன. முதல் கட்டத்திலேயே டன்டாஸ், பார்லிமென்ட் சந்திப்பில் கொண்டோவின் அடியில் ஒரு ஃப்ரெஷ்கோ மளிகைக் கடை, ஒரு வங்கி, ஒரு டிம் ஹார்டன்ஸ் வந்தன. எல்லாம் பெருநிறுவனங்களே. ஆனாலும் குறைந்த விலை மளிகைக் கடை ஒன்று வேண்டும் என்று முதலிலேயே முடிவெடுத்ததால்தான் அது வந்தது. ஃப்ரெஷ்கோவும் சோபீஸ் குடும்பமே என்பதைச் சொல்லாமல் விட முடியாது.

சிறியவர்களுக்கு இடம் நிலைத்திருப்பது நகராட்சியே நில உரிமையாளராக இருக்கும்போது. செயின்ட் லாரன்ஸ் சந்தை 1803லிருந்து அந்த வட்டாரத்தில் நடக்கிறது. சுற்றிலும் 1970களில் மேயர் டேவிட் கிராம்பி காலத்தில் தொடங்கிப் பலதரப்பட்ட வருமானக்காரர்களுக்கான குடியிருப்பு எழுந்தது, பிறகு ஆடம்பரக் கொண்டோக்களும் எழுந்தன. ஆனால் சந்தைக் கட்டடம் நகராட்சியுடையது என்பதால் இறைச்சிக்காரரும் மீன்காரரும் கோபுரங்களுக்கு நடுவே தாக்குப்பிடிக்கிறார்கள். அங்கே விலை மலிவு என்று சொல்ல வரவில்லை. சனிக்கிழமை கூட்டத்தில் சுற்றுலாப் பயணிகளும் உண்டு. இருந்தும் நகரத்தில் இதைப்போல் இன்னும் நாலு சந்தை இல்லாதது டொரண்டோவின் தோல்வி என்றே நினைக்கிறேன்.

2023 நவம்பரில் ஃபிரன்ட், ஸ்பதைனா மூலையில் திறந்த தி வெல் வளாகம் இந்த வகையில் தனியார் துறை செய்யக்கூடியதில் சிறந்தது. குளோப் அண்ட் மெயில் நாளிதழின் பழைய அலுவலகம் இருந்த சுமார் 7.7 ஏக்கரில் ஏழு கட்டடங்கள், ஏறத்தாழ 1,700 வீடுகள், அலுவலகக் கோபுரம், சுமார் 3,20,000 சதுர அடிக் கடைகள். நடைபாதைகள் திறந்த வெளியில் வளைந்து போகின்றன, மேலே கண்ணாடிக் கூரை. உணவுச் சந்தையில் சிறு சமையல்காரர்களுக்கும் இடம் கிடைத்திருக்கிறது. இது வேலை செய்வதன் காரணம், கடைகளைத் துண்டு துண்டாக விற்காமல் ரியோகானும் அல்லைட் என்ற நிறுவனமும் கூட்டாக வைத்துக்கொண்டதுதான். சாமான் இறக்கும் வழி நிலத்தடியில் சேர்த்துத் திட்டமிடப்பட்டது. ஆனால் ஒரே நிர்வாகம் எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் இடத்தில் எல்லாமே அழகாக இருக்கும், எதுவும் மலிவாக இருக்காது. அங்கே ஒரு தையல்காரரோ சாவி வெட்டுபவரோ எவ்வளவு நாள் தாங்குவார்?

இப்போது காற்று திசை மாறியிருக்கிறது. 2024இல் டொரண்டோ பெருநகரப் பகுதியில் புதிய கொண்டோ விற்பனை ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் காணாத அளவுக்கு விழுந்தது. திட்டங்கள் பல நிற்கின்றன. பெரிய கடைகளின் உலகமும் ஆடிப்போயிருக்கிறது. டார்கெட் 2013இல் வந்து 133 கடைகளைத் திறந்து 2015இல் மூட்டை கட்டியது. நார்ட்ஸ்ட்ரம் 2023இல் வெளியேறியது. 1670இல் பிறந்த ஹட்சன்ஸ் பே 2025இல் கதவடைத்தது. நிலையான குத்தகைதாரர் என்று வங்கிகள் யாரை நம்பினவோ அவர்களே நிலைக்கவில்லை. சிறு கடைகளை ஆபத்தானவை என்று ஒதுக்கிய கணக்கை இப்போது மறுபடி போட்டுப் பார்ப்பது நியாயம்.

தமிழர்களுக்கு இதில் நேரடிப் பங்கு இருக்கிறது. 1980களில் வந்த ஈழத்தமிழர் பலரின் முதல் முகவரி டவுன்டவுனை ஒட்டிய செயின்ட் ஜேம்ஸ் டவுன் வாடகைக் கோபுரங்கள். தமிழ் மளிகைகள் அந்தப் பக்கத்துப் பழைய கட்டடங்களில்தான் முதலில் தலைகாட்டின. பிறகு கிழக்குப் புறநகரான ஸ்கார்பரோவுக்குப் பெயர்ந்தபோது, 1950களிலிருந்து 70கள் வரை கட்டிய ஒற்றை மாடிப் பிளாசாக்கள் கைகொடுத்தன. முன்னால் கார் நிறுத்தம், பின்னால் லாரி வர வழி, கூரைமேல் புகைக்குழாய் வைக்கத் தடையில்லை, வாடகையும் தாங்கக்கூடியது. கொத்துரொட்டிக் கடை, மீன் கடை, புடவைக் கடை, நகைக் கடை, கணக்காளர் அலுவலகம், நடன வகுப்பு எல்லாம் அந்தப் பிளாசாக்களில் வேர்விட்டன. ஜேக்கப்ஸ் சொன்னதற்கு இதைவிட நல்ல உரை கிடையாது. இப்போது அதே பிளாசாக்கள் சிலவற்றின் மேல் கோபுரங்களுக்கான விண்ணப்பங்கள் வந்துகொண்டிருக்கின்றன.

டொரண்டோவில் ஆறு அல்லது அதற்கு மேல் வாடகை வீடுகள் உள்ள கட்டடத்தை இடித்தால், அதே எண்ணிக்கையில் வாடகை வீடுகளைத் திருப்பிக் கட்ட வேண்டும், குடியிருந்தவருக்குத் திரும்பி வர உரிமை உண்டு. கடைக்காரருக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. ஆகவே கேட்க வேண்டிய நேரம், மனையின் முன்னால் நகராட்சியின் அறிவிப்புப் பலகை நடப்படும் அந்தச் சில மாதங்கள்தான். பொதுக் கலந்தாய்வுக் கூட்டத்துக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோபுரத்தின் உயரத்தையும் கார் நெரிசலையும் பற்றியே பேசுகிறார்கள். தரைத்தள வரைபடத்தைக் கேளுங்கள். ஆயிரம் சதுர அடிக்குக் குறைவான கடைகள் எத்தனை, கூரை வரை புகைக்குழாய்க்கு இடம் விட்டிருக்கிறார்களா, சாமான் வண்டி எங்கே நிற்கும், கடைகளை விற்கப்போகிறார்களா வைத்துக்கொள்ளப்போகிறார்களா, இப்போது இருக்கும் கடைகள் எந்த வாடகைக்குத் திரும்பி வரலாம் என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். உங்கள் நகர மன்ற உறுப்பினரின் கையில் இருக்கும் பிடி அனுமதி கிடைக்கும் நாளோடு போய்விடும்.